போர்மட்டுக்குக் கொடுக்கும் முன்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. ஒஃபிஸ் 2016க்கும் ஒஃபிஸ் 2019க்கும் அதே நாள்தான் கடைசி. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நம் கரையோரத்து வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பிள்ளையின் சூம் வகுப்புக்கென்று அவசரமாக வாங்கிய மெஷின்தான் பல வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அதிலும் பாதி, வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்டுக் கொழும்பில் வந்து இறங்கிய பாவித்த மெஷின்கள். 2022 மார்ச்சில் ரூபாவின் மீதான பிடியைத் தளர்த்தியதும் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்குப் பிறகு புதுக் கணினி என்ற பேச்சே பல வீடுகளில் எழவில்லை.

அப்டேட் நின்ற செய்தியோடு கூடவே கதைகளும் ஊரைச் சுற்றி வருகின்றன. சில பாதி உண்மை, சில முழுப் பொய். இவற்றை நம்பிக் காசு வீணாவது ஒரு பக்கம். காசு கொடுத்து வாங்கிய சொந்த லைசன்ஸையே தெரியாமல் தூக்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் கள்ளப் பிரதியைப் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இந்தப் பத்தியை எழுத வைத்ததும் அதுதான்.

“வின்டோஸ் 10 இனி ஓடாதாம்”

ஓடும். நேற்று எப்படி ஓடியதோ இன்றும் அப்படியேதான் ஓடும். நின்றது திருத்தம் மட்டும். இனிக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் தானாக வராது. அது ஏன் முக்கியம் என்பதற்கு 2017 மே மாத வன்னாக்ரை தாக்குதல் ஒன்றே போதும். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14ஆம் திகதியே வெளிவந்துவிட்டது. அதைப் போடாத மெஷின்கள்தான் இரண்டு மாதம் கழித்து உலகம் முழுக்க முடங்கின.

வீட்டுப் பாவனையாளருக்கு மைக்ரோசொஃப்ட் ஓராண்டு நீடிப்பும் வைத்திருக்கிறது. மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றில் நுழைந்து, கணினியின் செட்டிங்ஸை அதனோடு இணைத்து வைத்தால் காசில்லாமலே 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். செட்டிங்ஸை இணைக்க விரும்பாதவர் 30 டொலர் கட்டலாம். நம் காசுக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம் ரூபா. ஒருமுறை கட்டினால் அதே கணக்கில் 10 மெஷின் வரை சேர்க்கலாம். காக்கா, தம்பி என்று பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழும் குடும்பத்துக்கு இது நல்ல கணக்கு. மெஷினில் இருப்பது வின்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2ஆக இருக்க வேண்டும். செட்டிங்ஸில் வின்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தாலே இதற்கான இணைப்பு தெரியும்.

“இது பழைய மெஷின், பதினொன்று ஏறாது, புதுசு எடுக்கத்தான் வேணும்”

இது பாதி உண்மை. 2021 ஒக்டோபர் 5ஆம் திகதி வெளிவந்த வின்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரெம், 64 ஜிபி இடம், செக்கியூர் பூட், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, குறிப்பிட்ட பட்டியலில் உள்ள புரொசசர். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்து மேல், ஏ.எம்.டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து மேல். இந்தப் பட்டியலில் வராத மெஷினுக்கு மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தராது. இது உண்மையான எல்லை.

ஆனால் ‘டி.பி.எம் இல்லை’ என்று திரையில் வந்ததும் மெஷினையே கழித்துவிடுவது தவறு. எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய பல மெஷின்களில், அதுவும் கடையில் பொருத்திய டெஸ்க்டொப்களில், அது இருக்கும். பயோசில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் பி.டி.டி என்ற பெயரிலும் ஏ.எம்.டி போர்டில் எஃப்.டி.பி.எம் என்ற பெயரிலும் தேடி அதை இயக்கிவிட்டால் வேலை முடிந்தது. மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற சிறு செயலியை ஓட்டினால் எது குறைகிறது என்று பெயர் சொல்லிக் காட்டும். அதைப் பார்க்காமல் எந்தக் கடைக்காரர் சொல்வதையும் ஏற்க வேண்டாம்.

தடையைத் தாண்டி வலுக்கட்டாயமாக 11ஐ ஏற்றித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. ஏறும், பல நாள் ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட மெஷினுக்கு அப்டேட் வந்தே தீரும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்லவில்லை. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு சில மிகப் பழைய புரொசசர்களில் பூட் ஆகவே மறுத்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய மெஷின் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

“நம்மட மெஷினுக்கு எங்க லைசன்ஸ்? கடைத்தம்பி போட்டுத் தந்ததுதானே”

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கடையில் நடப்பது இதுதான். “தம்பி, லெப்டொப் சரியான ஸ்லோ, என்னண்டு பாருங்க” என்று ஒரு தாய் கொண்டுவந்து வைக்கிறார். “போர்மட் அடிச்சித் தாறன் ராத்தா, ப்ரோவே போட்டு விடுறன்.” பின்னேரம் மெஷின் திரும்பி வருகிறது. வேகமாகத்தான் இருக்கிறது. ப்ரோ என்பது ஹோமைவிட உயர்ந்தது என்பதால் தாய்க்கும் சந்தோஷம்.

அந்த லெப்டொப் பெட்டியோடு வாங்கப்பட்டபோது வின்டோஸ் ஹோம் அதில் இருந்தது. அதன் விலையும் லெப்டொப் விலைக்குள் அடங்கியிருந்தது. வின்டோஸ் 8 காலத்திலிருந்து பெரிய கம்பனிகள் வின்டோஸோடு விற்கும் மெஷின்களில் அந்தத் திறவுகோல் தாளில் ஒட்டப்படுவதில்லை, தாய்ப்பலகையிலுள்ள சில்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை எத்தனை முறை அழித்தாலும் அது அழியாது. அதே ஹோம் பதிப்பைப் போட்டு இன்டர்நெட்டோடு இணைத்தால் எந்த நம்பரும் கேட்காமல் தானாகவே அக்டிவேட் ஆகும். ப்ரோவைப் போட்டால் ஆகாது, ஏனென்றால் அந்தத் திறவுகோல் ஹோமுக்கானது. அக்டிவேட் ஆகாததால் தம்பி கிரக் போடுகிறார். சொந்தமாக ஒரு லைசன்ஸ் வைத்திருந்த வீடு ஒரே பின்னேரத்தில் கள்ளப் பிரதி பாவிக்கும் வீடாகிவிட்டது. தம்பியிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவரிடம் இருக்கும் பென்ட்ரைவில் ப்ரோ இருக்கிறது, எல்லா மெஷினுக்கும் அதுவே போகிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. செட்டிங்ஸைத் திறந்து அக்டிவேஷன் பக்கத்துக்குப் போங்கள். வின்டோஸ் ‘உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை’ மூலம் இயக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி அங்கே இருந்தால், உங்கள் வீடு எந்த நிறுவனம் என்று யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழகம், வங்கி போன்ற பெரிய இடங்களுக்கு நூற்றுக்கணக்கான மெஷின்களை ஒரே சேர்வரால் அக்டிவேட் செய்யும் கே.எம்.எஸ் என்ற முறை இருக்கிறது. ஒருமுறை செய்தால் 180 நாள் செல்லும், அதற்குள் மெஷின் மறுபடி அந்த சேர்வரைத் தொட வேண்டும். கிரக் செய்வது, அப்படியொரு பொய்ச் சேர்வரை உங்கள் லெப்டொப்புக்குள்ளேயே நட்டுவிடுவது. ‘டிஜிட்டல் லைசன்ஸ்’ என்று இருந்தால் பெரும்பாலும் நல்ல சகுனம். ஆனால் அதையும் போலியாகப் பதியும் வித்தைகள் வந்துவிட்டன. அதனால் வாங்கியபோது பில்லில் எழுதியிருந்த பதிப்பும் இப்போது திரையில் காட்டும் பதிப்பும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள்.

திருத்துவதும் அப்படியொன்றும் கடினமில்லை. 8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்றும், மைக்ரோசொஃப்டின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலும் போதும். முதலில் படங்களையும் கடிதங்களையும் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். பிறகு அந்தப் பென்ட்ரைவிலிருந்து புதிதாகப் போட்டால், தாய்ப்பலகையில் ஹோம் திறவுகோல் உள்ள மெஷின் பெரும்பாலும் தானாகவே ஹோமைத் தேர்ந்துகொள்ளும். லைசன்ஸ் உள்ள வின்டோஸ் 10இலிருந்து 11க்குப் போகக் கட்டணமும் கிடையாது.

பாவித்த டெஸ்க்டொப் வாங்கியவர்கள் கதை கொஞ்சம் வேறு. பக்கத்தில் வின்டோஸ் 7 ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்த நம்பரைக் கொண்டு 10க்குப் போகும் சலுகை அதிகாரபூர்வமாக 2016 ஜூலை 29இல் முடிந்தது, ஆனாலும் வாசல் திறந்தே கிடந்தது. 2023 செப்டெம்பரில் அதையும் பூட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே அந்த மெஷின் 10இல் முறைப்படி அக்டிவேட் ஆகியிருந்தால் அதன் உரிமை மைக்ரோசொஃப்டின் சேர்வரில் பதிவாகியிருக்கும், தாய்ப்பலகையை மாற்றும்வரை செல்லும். நம் கடற்காற்றில் போர்ட் துருப்பிடித்து மாற்ற வேண்டி வந்தால் மெஷினோடு வந்த லைசன்ஸும் அதோடு போகும். தனியாகப் பெட்டியில் வாங்கிய ரீட்டெய்ல் லைசன்ஸ்தான் இன்னொரு மெஷினுக்கு மாறும்.

ஃபேஸ்புக்கில் ஓரிரண்டாயிரம் ரூபாவுக்கு ‘ஒரிஜினல் கீ’ விற்பவர்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வின்டோஸ் 11 ஹோமின் அமெரிக்க விலை 139 டொலர், இங்கே நாற்பதாயிரம் ரூபாவைத் தாண்டும். இருபதில் ஒரு பங்கு விலைக்கு வருவது பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த லைசன்ஸிலிருந்து கசிந்த நம்பர், அல்லது கழித்த மெஷினிலிருந்து சுரண்டிய நம்பர். நம்பர் முடக்கப்படும் நாளில் விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

“கிரக்கில என்ன இருக்கு? எல்லாரும் அதத்தானே பாவிக்கிறாங்க”

எல்லாரும் பாவிக்கிறார்கள் என்பது ஏறக்குறைய சரி. பி.எஸ்.ஏ என்ற மென்பொருள் கம்பனிகளின் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கில், இலங்கைக் கணினிகளில் இருந்த மென்பொருளில் நூற்றுக்கு 77 உரிமமற்றவை. உலகச் சராசரி 37.

கிரக் போடும் முன் தம்பி முதலில் செய்வது வைரஸ் கார்டை அணைப்பது. அணைக்காவிட்டால் அது கிரக்கைப் பிடித்துவிடும். போட்ட பிறகு அந்தக் கோப்பைத் தொடாதே என்று வைரஸ் கார்டுக்கு விதிவிலக்கும் எழுதி வைப்பார். அப்டேட் வந்தால் கிரக் கழன்றுவிடும் என்று அதையும் நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. கதவின் காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு யாரென்று தெரியாத ஒருவருக்கு வீட்டின் முழு அதிகாரத்தையும் கொடுத்தாயிற்று. அவர் நல்லவராக இருக்கலாம். 2021 டிசம்பரில் ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், கே.எம்.எஸ் பிகோ என்ற பெயர்பெற்ற கிரக்கின் போலிப் பிரதிகள் கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பொட்டைக் காவி வருவதை எடுத்துக் காட்டியது.

அதைவிடக் கொடியது, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ஸ்டொப்-டிஜேவு என்ற வகை. இது பரவும் முக்கிய வழியே கிரக்கும், கள்ள நம்பர் உருவாக்கும் கீஜென்னும்தான். ஒரு நாள் காலையில் மெஷினைத் திறந்தால் கலியாணப் படங்கள், பிள்ளையின் ப்ராஜெக்ட், கடைக் கணக்கு எல்லாவற்றின் பெயருக்கும் பின்னால் புதிதாக ஒரு வால் ஒட்டியிருக்கும், எதுவும் திறக்காது. கூடவே ஓர் எழுத்துக்கோப்பு: 980 டொலர் கட்டு, 72 மணித்தியாலத்துக்குள் பேசினால் 490. எம்சிசொஃப்ட் நிறுவனம் 2019 ஒக்டோபரில் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. ஆனால் அது உதவுவது பழைய வகைகளுக்கு. 2019 ஓகஸ்ட்டுக்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவற்றைத் திறக்க வழியில்லை. கடைசியாக எப்போது வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்தீர்கள் என்பதுதான் அன்று மிஞ்சும் கேள்வி.

“அவன் உலக கோடீஸ்வரன், அவன்ட சாமான எடுத்தா என்ன குத்தம்?”

இதைச் சொல்பவர்கள் ஐவேளைத் தொழுகிறவர்கள், கடையில் ஐந்து ரூபா மீதி கூடக் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கிறவர்கள். ஆகவே இதை இலேசாக விட முடியாது. இஸ்லாமிய நாடுகளின் அமைப்பின் கீழ் ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச ஃபிக்ஹ் அகடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது 43ஆம் இலக்கத் தீர்மானத்தில் இதைத் தெளிவாக்கியது. வணிகப் பெயர், நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் மீதான உரிமைகள் பெறுமதியுள்ள சொத்துகள், ஷரீஆவின் பாதுகாப்பு அவற்றுக்கு உண்டு, அவற்றில் அத்துமீறுவது ஆகுமானதல்ல என்பது அதன் சாரம். உரியவர் பணக்காரரா, நம் மார்க்கத்தவரா என்ற நிபந்தனை அதில் இல்லை. ஹக் என்பது ஹக்தான்.

காஸாவில் நடந்ததைப் பார்த்து மனம் கொதித்து, “மைக்ரோசொஃப்டப் புறக்கணிக்கத்தானே நான் காசு குடுக்கல்ல” என்று சொல்லும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அந்தக் கொதிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதே கம்பனியின் வின்டோஸிலும் வேர்டிலும் நாள் முழுக்க வேலை செய்வது புறக்கணிப்பு ஆகாது. பிள்ளைகளின் கையையும் அதற்கே பழக்கி வைக்கிறோம். புறக்கணிப்பதென்றால் அதை விட்டு வெளியேற வேண்டும். வெளியேற வழியும் இருக்கிறது.

நாட்டுச் சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளை நூல்களைப் போலவே பாதுகாக்கிறது. சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்கலாம் என்ற சலுகையிலிருந்து மென்பொருள் விலக்கப்பட்டிருக்கிறது. முறைப்படி வாங்கியவர் காப்புப் பிரதி எடுக்க இடமுண்டு. உரிமமற்றது என்று தெரிந்தும் அதை வியாபார இலாபத்துக்குப் பாவித்தால் 178ஆம் பிரிவின்படி ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டு மெஷினிலேயே டியூஷன் பேப்பர் அடித்து விற்பவர், கொமியூனிகேஷன் கடை வைத்திருப்பவர், கைத்தறிச் சாரங்களுக்கு பில் போடுபவர் எல்லாரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

“இலவசமாக் கிடைக்கிறது எப்பவும் ரெண்டாந்தரம்”

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இலங்கையிலேயே மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேல். கல்முனையும் மருதமுனையும் சாய்ந்தமருதும் அந்தக் கணக்கில் பெரும்பங்கு. காணாமற் போனவர் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார், எங்கே என்ன நிவாரணம் போனது என்று பதிய நாட்டில் ஒரு மென்பொருள் இல்லை. கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றியிருந்த நம் நாட்டு இளைஞர்கள் சில நாட்களிலேயே ‘சஹானா’ என்ற மென்பொருளை எழுதினார்கள். அதைப் பூட்டி வைத்து விற்கவில்லை, யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். அதனால்தான் 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010 ஹெயிட்டி பூகம்பத்திலும் அதே மென்பொருள் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மை விருதும் கிடைத்தது. நமக்கு வந்த பேரிழப்பில் பிறந்த மென்பொருள் அது. இலவசம் என்றால் மட்டம் என்று இந்தக் கரையில் யாரும் சொல்லக் கூடாது.

வீட்டுக்கு வருவோம். எட்டாம் தலைமுறைக்கு முந்திய, 4 ஜிபி ரெம் உள்ள மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் நன்றாகப் பொருந்தும். அதன் 22ஆம் பதிப்புக்கும், அடிப்படையான உபுண்டு 24.04க்கும் 2029 வரை அப்டேட் உண்டு. பென்ட்ரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். ஒஃபிஸுக்குப் பதில் லிப்ரே ஒஃபிஸ். அது வின்டோஸிலும் ஓடும் என்பதால் வின்டோஸை விடாதவர்களும் இன்றே ஒஃபிஸ் கிரக்கை அழித்துவிட்டு அதைப் போடலாம். வேர்டில் செய்த சிக்கலான பக்க அமைப்பு சில இடங்களில் நகரும், அதை ஒளிக்க மாட்டேன். ஃபோட்டோஷொப்பில் பிழைப்பு நடத்துபவருக்கு லினக்ஸ் சரிவராது.

“வேற சிஸ்டத்துக்குப் போனா தமிழ் எல்லாம் குழம்பிரும்”

இதுதான் டைப்பிங் தெரிந்தவர்களின் உண்மையான பயம். பதில் சொல்ல வேண்டிய பயம்தான். பள்ளிவாசல் அறிவித்தல், பாடசாலைப் பரீட்சைத் தாள், கலியாணக் காட் எல்லாம் ஆண்டுக்கணக்காகப் பாமினியில் அடித்து வைத்திருக்கிறோம். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் மெஷினுக்குள் தமிழ் எழுத்து எதுவும் சேர்வதில்லை. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான் சேர்கின்றன. அதற்குத் தமிழ் முகம் கொடுப்பது பாமினி எழுத்துரு. எழுத்துரு இல்லாத மெஷினில் அந்த ஆங்கிலக் குப்பைதான் தெரியும். ஆகவே போர்மட்டுக்கு முன் எழுத்துருக் கோப்புகளை ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பென்ட்ரைவுக்கு எடுத்துவிடுங்கள். புது வின்டோஸிலும் லினக்ஸிலும் அதே கோப்பைப் போட்டால் பழைய கடிதங்கள் முன்போலத் திறக்கும்.

யூனிக்கோடில் அடித்தவர்களுக்கு எழுத்து குழம்பாது, தோற்றம் மட்டும் மாறலாம். லதா எழுத்துருவில் செய்த கோப்பைப் புது மெஷினில் திறந்து, வரிகள் இடம்மாறிப் போயிருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வின்டோஸ் 10இலிருந்து லதா தானாக வருவதில்லை. ‘ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் தமிழுக்கான துணை எழுத்துருக்கள் என்று இருக்கும், அதைச் சேர்த்தால் திரும்பிவிடும். ரெங்கநாதன் கீபோர்டில் கை பழகியவர்கள் லினக்ஸுக்குத் தயங்கத் தேவையில்லை. எம்17என் என்ற தொகுதியைப் போட்டால் தமிழ்99க்குப் பக்கத்திலேயே ரெங்கநாதனும் பட்டியலில் நிற்கும்.

கடைத்தம்பிமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் உங்களுக்குக் கொடுப்பது கூலி. கிரக்குக்கு விலை அல்ல. ஹோம் இருந்த மெஷினுக்கு ஹோமையே போட்டாலும் கூலி அதேதான், பெரும்பாலும் நேரமும் குறைவு. பழைய மெஷினுக்கு மின்ட் போட்டுப் பாமினியும் ரெங்கநாதனும் சேர்த்துக் கொடுத்தால் அது ஒரு தனி வேலை, அதற்குத் தனிக் கூலி கேட்கலாம். பென்ட்ரைவில் ப்ரோவுக்குப் பக்கத்தில் மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய ஹோமும், கூடவே மின்டும் இன்றைக்கே ஏற்றி வையுங்கள். மெஷினைக் கொண்டுபோகிறவர்களும் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “தம்பி, இதுல ஹோம்தான் இருந்தது, ஹோமே போடுங்க, கிரக் வேணாம்.”